பச்சைக் கேட்டுக்கு வெளியே

என் தங்கை ஜெயித்ததை முதலில் எழுதிவிடுகிறேன். அப்புறம் எழுதலாம் என்று வைத்தால் ஏதாவது விட்டுப்போகும்.

உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை. அதில் ஒரு பெரிய கட்டில், ஒரு சின்னக் கட்டில். ஜன்னல் ஒன்று, திறக்கிற ஜன்னல். பொதுச் சமையலறையில் அவளுக்கென்று ஒரு அலமாரித் தட்டு. மகள் படிப்பு நடுவில் நிற்காமல் அதே பள்ளிக்கூடத்தில் தொடர்ந்தது. இரண்டு பிள்ளைகளும் ராத்திரி அவள் கைக்கு எட்டும் தூரத்தில் தூங்குவது. பார்த்துக்கொண்டிருந்த வேலை கையை விட்டுப் போகாதது. தன்னால் இன்னொருத்தர் வேலையும் போகாமல் பார்த்துக்கொண்டது. கடைசியாக எழுதியதைத்தான் அவள் முதலில் சொல்வாள். நான் மூத்தவள், என் வரிசை வேறு.

அறை ஒன்றரை வருஷத்துக்குத்தான். அதையும் எழுதிவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளை எல்லாரும் சின்னவள் என்றுதான் கூப்பிட்டோம். நான் ஐந்தாவது வரை படித்தேன். அவள் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசில் அம்மா படுக்கையில் விழுந்துவிட்டாள். பக்கத்தில் இருக்க ஒருத்தி வேண்டியிருந்தது. நான் வேலைக்குப் போனதால் அந்த ஒருத்தி அவள் ஆனாள்.

இப்போது எனக்கு வேலை, எழுந்து நடமாட முடியாத ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்வது. அவர் வீட்டு மாடியில், அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே எனக்கு ஒரு மடக்குக் கட்டில். சேர்ந்த அன்றே வீட்டம்மா சொல்லிவிட்டார்: “உங்க ஆளுங்க யாரும் உள்ள வரக்கூடாது. ஒருத்தர் வந்தா ஒன்பது பேர் வருவாங்க.” அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வெளியே போய்த்தான் சின்னவளைப் பார்ப்பேன். திரும்பும்போது அவளும் பிள்ளைகளும் பச்சைக் கேட் வரை வந்து என்னை விட்டுவிட்டுப் போவார்கள்.

சின்னவளுக்கு பஸ் டெப்போவில் வேலை. ஓடி முடித்து வரும் பஸ்களைக் கூட்டி, சீட்டுக்கு அடியில் கிடப்பதைப் பொறுக்கி, ஜன்னலுக்குச் சோப்புத் தண்ணீர் அடித்து நிறுத்த வேண்டும். யாராவது வாந்தி எடுத்த பஸ் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். முகம் சுளிக்காமல் செய்கிறவள் அவள் ஒருத்திதான்.

அவள் புருஷன் கப்பலில் வேலை என்று போனார். கொஞ்ச காலம் போன் வந்தது. பிறகு அந்த நம்பரைக் கூப்பிட்டால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மட்டும் பேசியது. “அந்தப் பொண்ணாவது கூப்பிட்டா எடுக்குது” என்றாள் சின்னவள். வாடகை நின்றது. ஒரு நாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது வீட்டு ஓனர் பூட்டை மாற்றியிருந்தார். சாமானெல்லாம் படிக்கட்டில் இருந்தது. அதன்மேல் நாலு வயசு மகன் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த ரொட்டி.

டெப்போவின் பின்பக்கம் ஏலத்துக்காக ஒரு பழைய பஸ் நின்றது. எஞ்சினைக் கழற்றிவிட்டார்கள், சீட் எல்லாம் இருந்தது. வாட்ச்மேன் அண்ணன் அதைச் சின்னவளிடம் கையால்கூடக் காட்டவில்லை. “அந்த பஸ் கதவு சரியா மூடாது. எனக்கும் கண்ணு சரியா தெரியாது. ரெண்டும் டெப்போவுக்கே தெரிஞ்ச விஷயம்” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து ஏழு மாதம் அதுதான் அவர்கள் வீடு. பின்னாடி நீளச் சீட்டில் மூன்று பேரும். மகளின் பள்ளிக்கூடத்துத் துணி மேல் கம்பியில் காயும். முகம் கழுவ, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் பஸ் கழுவுகிற குழாய்தான். மகளுக்கு அப்போது எட்டு வயசு. வாய்க்காரி என்பதால் வாட்ச்மேன் அண்ணன் அவளுக்கு வக்கீல் என்று பேர் வைத்தார். தம்பி உருண்டை. “எங்க வீட்ல எத்தனை ஜன்னல் தெரியுமா?” என்று வக்கீல் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்து வருவாள். பொய் இல்லையே.

சின்னவளுக்கு ஒரே ஒரு பயம். அவளோடு வேலை செய்த ஒருத்தி ரயில் நிலையத்தில் பிள்ளைகளோடு தூங்கியபோது அதிகாரிகள் வந்து பிள்ளைகளை விடுதிக்குக் கொண்டுபோனார்கள். மகள் ஒரு மூலை, மகன் ஒரு மூலை. அந்த அம்மா இன்னும் லீவு நாளில் பாதியை இங்கேயும் பாதியை அங்கேயும் ஓடியே கழிக்கிறாள். அதனால் சின்னவள், தான் அதிகாரியாகி, சீட்டுக் கம்பியைத் தட்டித் தட்டி வக்கீலைக் கேள்வி கேட்டுப் பழக்கினாள்.

“பாப்பா, எங்க தங்கியிருக்கீங்க?”

“பெரியம்மா வீட்ல.”

“எப்படி இருக்கும் வீடு?”

“பச்சைக் கேட். மாடி வீடு. நாங்க மேல இருக்கோம். அங்க ஒரு தாத்தாவுக்கு உடம்பு சரியில்ல. அதனால நாங்க சத்தம் போட மாட்டோம்.”

கடைசி வரி சின்னவள் சொல்லிக்கொடுத்தது இல்லை, வக்கீலே சேர்த்தது. கேட்டுக்கொண்டிருந்த வாட்ச்மேன் அண்ணன், “நானே நம்பிட்டேன்மா. அந்த வீட்ல எனக்கும் ஒரு மூலை இருக்கான்னு பெரியம்மாகிட்ட கேளு” என்றாராம்.

மிரட்டிக் கேட்டாலும் பிள்ளை அசையாது என்று ஆனதும் சின்னவள் அடுத்த பாடத்துக்குப் போனாள். இந்தத் தடவை குரலில் தேன் ஒழுகியது. “பயப்படாத கண்ணு. உங்கம்மாவே எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீயும் நிஜத்தைச் சொல்லிட்டா உங்களுக்கு நல்ல வீடு குடுப்போம். சத்தியமா.”

வக்கீல் ஏமாந்துவிட்டாள். பஸ் என்று சொல்லிவிட்டாள். சின்னவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. தூங்கிக்கொண்டிருந்த உருண்டையைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். “இப்ப பாரு. தம்பி போயிட்டான்” என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஒரு தடவைகூட ஏமாறவில்லை.

பிறகு பஸ் ஏலத்தில் போனது. எடுத்தவர் லாரி அனுப்பி இழுத்துப்போக நாள் குறித்துவிட்டார், ஒரு திங்கட்கிழமை. சின்னவள் போகாத இடமில்லை. தனியாக இரண்டு பிள்ளைகளோடு வருகிறவளுக்கு அறை தர எல்லாரும் யோசித்தார்கள். யோசித்து, இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு கண்டக்டர் அம்மா ஒரு இல்லத்தைப் பற்றிச் சொன்னார். வீடில்லாத தாய்மாரையும் பிள்ளைகளையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும் இடம். பகலில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். சொந்தமாக வாடகை வீடு பிடிக்கும் வரை ஒன்றரை வருஷம் தாங்குவார்கள். சேர்த்தே என்ற ஒரு வார்த்தைக்காகச் சின்னவள் ஓடினாள்.

அங்கே இருந்த வார்டன் அம்மா பொறுமையாகத்தான் பேசியிருக்கிறார்.

“ராத்திரி எங்க தூங்குறீங்க?”

“வெளியில மேடம்.”

“வெளியிலன்னா எங்க?”

அங்கேதான் அவள் வாய் பூட்டிக்கொண்டது. டெப்போ என்றால் விசாரிக்க டெப்போவுக்குத்தான் போவார்கள். வாட்ச்மேன் அண்ணனுக்கு ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. “ஒரு இடம்னு இல்ல மேடம்” என்று மழுப்பினாள்.

அந்த இல்லத்தில் ஒரு முறை உண்டு. தாயிடம் ஒரு அறையில் பேசும்போதே பிள்ளையிடம் இன்னொரு அறையில் பேசுவார்கள். இது சின்னவளுக்குத் தெரியாது. அவள் உண்மையைப் பாதியாவது சொல்ல வந்திருந்தாள். இன்றைக்கு உண்மை சொல்ல வந்திருக்கிறோம் என்று வக்கீலிடம் சொல்லத்தான் மறந்துவிட்டாள்.

பக்கத்து அறையில் களப்பணிக்குப் போகும் ஒரு இளம்பெண் வக்கீலுக்கு பிஸ்கட் கொடுத்தாள். பிறகு குனிந்து, “பயப்படாத. அம்மா எங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீயும் நிஜத்தைச் சொன்னாதான் வீடு குடுக்க முடியும்” என்றாள்.

வக்கீல் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு, பச்சைக் கேட்டிலிருந்து உடம்பு சரியில்லாத தாத்தா வரை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள்.

வார்டன் அம்மா சின்னவளிடம் திரும்பி வந்து சொன்னார்: “உங்களுக்குக் கஷ்டம் இல்லன்னு நான் சொல்லலமா. ஆனா தலைக்கு மேல கூரை இருக்கு. அதுகூட இல்லாதவங்க வரிசையில நிக்கிறாங்க.”

வெளியே வந்ததும் வக்கீல் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். “ரொம்ப நல்லவங்க மாதிரியே பேசினாங்கமா. நான் ஏமாறவே இல்ல.”

சின்னவள் நடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டாளாம். ஆட்டோக்காரர் ஒருவர் திட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே பிள்ளையை மடியில் உட்காரவைத்து, “இனிமே அவங்ககிட்ட நிஜத்தைச் சொல்லலாம்டி” என்றாள்.

“இது பரீட்சைதானே?”

“இல்லடி. சத்தியமா இல்ல.”

“போன தடவையும் சத்தியம் பண்ணுன.”

“அது சும்மா. இது நிஜம். உன் தலைமேல அடிச்சு சொல்றேன்.”

வக்கீல் தம்பியை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “நாங்க பெரியம்மா வீட்ல இருக்கோம்” என்றாள்.

நான் வார்டன் அம்மாவுக்குப் போன் செய்தேன். என்னோடு யாரும் தங்கவில்லை, தங்கவும் முடியாது என்றேன். “எல்லாச் சொந்தக்காரங்களும் அப்படித்தாம்மா சொல்றாங்க” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டம்மாவை ஒரு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். “நம்ம கேட் எப்படி அந்தப் பிள்ளை வாயில வந்துது?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார். அன்று முதல் நான் வெளியே போய் வந்தால் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படிக் காட்டுவது? வீடு இருந்தால் சாவியைக் காட்டலாம்.

லாரி வர மூன்று நாள் இருந்தது. சின்னவள் எனக்குப் போன் செய்தாள். அழுது முடித்த குரல்.

“அக்கா, இல்லத்துல பேசிட்டேன். அவ எந்த வீடுன்னு சொன்னாளோ அந்த வீட்டுக்கே அவளைக் கூட்டிட்டுப் போங்க, உள்ள போயி அவ தூங்குற இடத்தைக் காட்டச் சொல்லுங்கன்னேன். அந்தப் பொண்ணு நாளைக்குக் காலையில கூட்டிட்டு வருது. நான் வரக்கூடாதாம்.”

“புள்ள பயந்துரும்டி.”

“பயப்படட்டும். நீ கேட்டைத் திறக்கக் கூடாது.”

“அது எப்படிடி, என்னைப் பாத்துக் கூப்பிட்டா?”

“கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. திறந்தேன்னா அது எங்க வீடு ஆயிடும்.”

வேறு வழி இருக்கிறதே என்றேன், டெப்போவைச் சொல்லிவிடேன் என்றேன். “அண்ணன் வயித்துல அடிச்சிட்டு எனக்கு ஒரு அறை வேணாம்” என்று போனை வைத்துவிட்டாள்.

அந்தக் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டியிருப்பது போலத் தெரியும். அந்தப் பூட்டு சும்மா தொங்குவது. நாலாவது கம்பிக்கும் ஐந்தாவது கம்பிக்கும் நடுவில் கையை விட்டு உள்ளே இருக்கிற கொக்கியைக் கீழே அழுத்தினால் திறந்துகொள்ளும். பேப்பர் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். அந்த வீட்டில் ஒரு நாள் தூங்கி எழுந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

காலையில் நான் பெரியவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் கட்டில் ஜன்னலை ஒட்டி இருக்கிறது. வக்கீல் களப்பணிப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் வந்தாள். தலையை நன்றாக வாரியிருந்தாள். கேட்டருகில் வந்ததும் அந்தப் பெண்ணின் கையை விட்டுவிட்டு, விருந்தாளியை அழைத்து வந்தவள் போல முன்னால் போனாள்.

பூட்டை இழுத்தாள். வரவில்லை. கேட்டைத் தள்ளினாள். பிறகு இந்தப் பக்கம் தூணைத் தடவினாள், அந்தப் பக்கம் தூணைத் தடவினாள். வக்கீல் குனிந்து அடியில் பார்த்தாள். எழுந்து பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, “இன்னைக்கு என்னவோ இறுகிப் போச்சு” என்றாள். மேலே எனக்கு நன்றாகக் கேட்டது.

அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது.

“பெரியம்மா. கேட்டைத் திறங்க.”

என் கையில் கரண்டி இருந்தது. நான் அசையவில்லை. அவள் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள். கையை ஆட்டினாள்.

பெரியவர் கண்ணைத் திறந்தார். “யாரு வெளியில?”

“யாரும் இல்லீங்க ஐயா” என்று அடுத்த வாய் கொடுத்தேன்.

வக்கீல் களப்பணிப் பெண்ணிடம் திரும்பினாள். “பெரியம்மாவுக்குக் காது சரியா கேக்காது” என்றாள்.

அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டேன். மிச்சத்தை அந்தப் பெண்ணே பிறகு எங்களிடம் சொன்னாள். அவள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து வக்கீலையும் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. வக்கீல் ரொம்ப நேரம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இப்ப போயி தம்பியை எடுத்துக்குவீங்களா?” என்று கேட்டிருக்கிறாள்.

அறை உண்டு என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். ஆனால் அதில் இருந்தவர்கள் காலி செய்ய வியாழக்கிழமை ஆகும். லாரி சொன்னபடி திங்கட்கிழமை வந்துவிட்டது. நடுவில் இருந்த நாட்களைச் சின்னவள் பிள்ளைகளோடு பெரிய ஆஸ்பத்திரியில், நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் காத்திருக்கும் கூடத்தில் கழித்தாள். மாடியில் ஒரு நாள், கீழே ஒரு நாள் என்று இடம் மாற்றிக்கொண்டாள். ஒரு நர்ஸ் வக்கீலிடம், யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். “தாத்தாவை. மேல இருக்கார். ரொம்ப முடியல” என்றாள் வக்கீல். நர்ஸ் அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார். சின்னவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உருண்டைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே இருந்தும் அவனை டாக்டரிடம் காட்டப் பயந்தாள். விலாசம் கேட்பார்களே. ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை வீட்டம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி பாதி நாள் லீவு வாங்கிக்கொண்டு நானும் இல்லத்துக்குப் போனேன். உருண்டைக்கு அங்கே மருந்து கொடுத்திருந்தார்கள், தூங்கிக்கொண்டிருந்தான். அவர்கள் சாமான் மூன்று பையில் அடங்கியிருந்தது. நான் வக்கீலைக் கிட்டே இழுத்தேன். அவள் வந்தாள், ஆனால் மரக்கட்டை மாதிரி நின்றாள். பெரியம்மா ஏன் திறக்கவில்லை என்று சின்னவள் அவளுக்கு எடுத்துச் சொல்லியிருந்தாள். சொன்னது புரிந்தது, ஆறவில்லை. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். கதவுக்குக் கூட்டிப்போனாள்.

“இந்தத் தாழ்ப்பாளை உள்ள இருந்துதான் போட முடியும் பெரியம்மா. வெளியில நின்னு என்ன பண்ணாலும் திறக்காது” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். சொன்னதை நான் வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வார்டன் அம்மா விதிமுறைகளைப் படித்துக் காட்டினார். ஒன்றரை வருஷம், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது. பிள்ளைகள் தாயோடுதான் இருப்பார்கள். சின்னவள் அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அவர் படித்தார். மூன்றாவது தடவையும் கேட்பாளோ என்று நான் நினைத்தேன், கேட்கவில்லை.

வார்டன் அம்மா மை டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

“பேனா குடுங்க மேடம்.”

“கட்டைவிரல் வெச்சாலே போதும்மா.”

“இல்ல மேடம், எழுதுறேன்.”

நான் அவளைப் பார்த்தேன். “எப்படி கத்துக்கிட்ட?”

“பஸ் பின்கண்ணாடியில தூசி நிறைய இருக்குமில்ல, அதுல விரலால எழுதிப் பார்ப்பேன். எழுத்து இவதான் சொல்லிக்குடுத்தா” என்று வக்கீலைக் காட்டினாள். “தப்பா வந்தா தண்ணி அடிச்சிருவேன். சரியா வந்தாலும் அடிச்சுத்தான் ஆகணும், அதுக்குத்தானே சம்பளம்.”

பேனாவை, பஸ் தேய்க்கிற பிரஷ்ஷைப் பிடிப்பது போலப் பிடித்தாள். தாளில் எழுதி அவளுக்குப் பழக்கமில்லை. எழுத்து பஸ் கண்ணாடிக்கு ஏற்ற மாதிரி பெரிசாக வந்து, கோட்டைத் தாண்டி, வார்டன் அம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போய் நின்றது. வக்கீல் மேஜை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாள். வார்டன் அம்மா தன் கையெழுத்தை அதற்குக் கீழே போட்டார். சாட்சிக்கு நான் போட்டேன்.

தேதியை நான்தான் எழுதினேன். பிப்ரவரி பத்தொன்பது, வியாழக்கிழமை.